காசு கொடுத்து நாவல் வெளியிடுதல்: கையெழுத்திடும் முன்

தம் சொல்லைத் தாமே அச்சேற்றுவது நமக்குப் புதிதன்று. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். பாமாவின் 'கருக்கு' 1992இல் வெளிவந்ததும் பெரும் வணிகப் பதிப்பகத்திலிருந்து அன்று; மதுரையிலுள்ள ஒரு சமூக ஆய்வு மையத்திலிருந்து. ஆகவே சொந்தச் செலவில் நூல் போடுவதை இழிவாகக் கருதும் போக்கை நாம் ஏற்கவில்லை. அச்செலவை யாரிடம், எந்த ஒப்பந்தத்தின்பேரில் செய்கிறோம் என்பதே கேள்வி.

பதிப்பகம் நூலை வாசகரிடம் விற்றுப் பிழைப்பது. கட்டணப் பதிப்பு நிறுவனமோ மெய்ப்பு, அட்டை, பக்க வடிவமைப்பு, 'விளம்பரம்' ஆகியவற்றை எழுத்தாளரிடம் விற்றுப் பிழைப்பது. நூல் ஒரு படிகூட விற்காவிட்டாலும் அதற்கு நட்டமில்லை. 'உங்கள் நாவல் தேர்வாகியுள்ளது' என்று வரும் மின்னஞ்சலை, ஆண்டுக்கணக்கில் மறுமொழியே கிடைக்காத கையெழுத்துப்படியோடு காத்திருக்கும் முதல் தலைமுறை எழுத்தாளர் ஐயமின்றி நம்பிவிடுவது இயல்புதான். கட்டண விவரம் அடுத்த மின்னஞ்சலில் வரும்.

'இலாபம் முழுவதும் உங்களுக்கே' என்ற விளம்பரத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். விலை 300 ரூபாய். தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் ஒரு படிக்கு 120 ரூபாய். விற்பனைத் தளத்தின் கழிவு 120 ரூபாய் என்று கொள்வோம். எஞ்சுவது 60 ரூபாய். 30,000 ரூபாய் கட்டியவர் போட்ட முதலை மீட்கவே 500 படிகள் விற்க வேண்டும். அவற்றுள் பெரும்பகுதியை வாங்கப்போவது நண்பர்களும் உறவினர்களுமே. கல்விக் கடனோ நகைக் கடனோ சுமக்கும் வீட்டிலிருந்து இப்பணம் வருகிறதெனில், அச்சுக்கூலி மட்டும் கொடுத்து உள்ளூர் அச்சகத்தில் 200 படிகள் போட்டு, கூட்டங்களிலும் கல்லூரி வாயில்களிலும் விற்பது பல நேரங்களில் மேல்.

ஒப்பந்தத்தில் நாம் முதலில் தேட வேண்டியது உரிமை பற்றிய பிரிவு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவுடனேயே உரிமை எழுத்தாளருடையது, பதிவு கட்டாயமில்லை. அவ்வுரிமையை மாற்றித்தருவது எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்தாண்டு என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா என்றும் 19ஆம் பிரிவு கொள்கிறது. ஆனால் 'முழுக்காலத்துக்கும்' என்று எழுதி நாம் ஒப்பமிட்டுவிட்டால் இப்பாதுகாப்பு உதவாது. முழுக்காலம் என்பது எழுத்தாளரின் ஆயுளும், அதன்பின் 60 ஆண்டுகளும். பணமும் கொடுத்து உரிமையும் கொடுப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. அச்சிடவும் விற்கவும் குறிப்பிட்ட காலத்துக்கு அனுமதி மட்டும் தந்தால் போதும். திரைப்படம், மொழிபெயர்ப்பு, ஒலிநூல் உரிமைகள் நம்மிடமே இருக்கட்டும்.

தலித் நாவலுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. சேரியின் பேச்சு மொழியைப் 'பிழை' என்று திருத்தி, வசவையும் சடங்குச் சொல்லையும் பொது நடைக்கு மாற்றிவிடும் மெய்ப்புத் திருத்துநரை நாம் அறிவோம். 57ஆம் பிரிவு, உரிமையை விற்ற பிறகும், தன் மதிப்பைக் கெடுக்கும் வகையில் படைப்பு சிதைக்கப்படுவதை எதிர்க்கும் உரிமையை எழுத்தாளருக்கு அளிக்கிறது. எனினும் வழக்குமன்றம் தொலைவில் உள்ளது. 'எழுத்தாளர் ஒப்புதலின்றி ஒரு சொல்லும் மாற்றலாகாது' என்ற வரியை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவது எளிது.

சர்வதேசத் தரப் புத்தக எண்ணுக்கெனத் தனிக் கட்டணம் கேட்டால் மறுக்கலாம். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதனை இலவசமாகவே வழங்குகிறது; எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம். நிறுவனத்தின் பெயரிலுள்ள எண் நிறுவனத்தோடே நின்றுவிடும். பக்க வடிவமைப்பின் மூலக்கோப்பும் அட்டையின் மூலக்கோப்பும் நமக்குத் தரப்படும் என்பதும் எழுத்தில் வேண்டும். இல்லையேல் இரண்டாம் பதிப்புக்கு மீண்டும் முதலிலிருந்து செலவு.

பணம் கட்டுமுன் ஆதிதிராவிடர் நலத்துறையிலும் தமிழ் வளர்ச்சித் துறையிலும் நூல் வெளியீட்டு நிதியுதவிக்கு விண்ணப்பம் கோரப்படும் காலத்தை விசாரித்துக்கொள்ளலாம். கையெழுத்துப்படி அச்சேறுமுன் விண்ணப்பிக்க வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டறிய வேண்டும்.