நாடாவும் எச்சிலும்: பம்பாய் ஆலைத் தெருக்களில் சாதி

போன மாதம் ஒரு வாசிப்பு வட்டத்தில் கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "அக்கா, ஊர்ல சாதி இருக்கு, சரி. ஆலைக்குள்ள போயிட்டா எல்லாரும் தொழிலாளிதானே? மெஷினுக்குச் சாதி தெரியுமா?"

மெஷினுக்குத் தெரியாது. ஆனால் மெஷினில் ஒரு சின்னத் துளை இருந்தது. அந்தத் துளைக்குள் சாதி புகுந்துகொண்டது. அந்தக் கதையைத்தான் அவருக்குச் சொன்னேன். அன்று நேரம் போதவில்லை, எனவே இங்கே எழுதுகிறேன்.

விசைத்தறியில் பாவு நூல்களுக்குக் குறுக்கே ஊடை நூலைக் கொண்டுபோவது நாடா. படகு வடிவத்தில் இருக்கும் மரக்கட்டை அது. அதன் வயிற்றில் நூல் சுற்றிய தார் இருக்கும். தார் தீர்ந்ததும் நெசவாளி வேறு தாரைப் போட்டு, நூலின் நுனியை நாடாவின் பக்கவாட்டில் உள்ள துளை வழியே வெளியே எடுக்க வேண்டும். கையால் செய்தால் நேரமாகும். துளையில் வாயை வைத்து ஒரு உறிஞ்சு உறிஞ்சினால் நூல் வந்துவிடும். துண்டுக்கூலிக்கு நெய்கிறவர்களுக்கு ஒவ்வொரு நிமிடமும் காசு. அதனால் எல்லாரும் உறிஞ்சினார்கள், ஒரு நாளில் எத்தனையோ தடவை. ஒருவர் வாய் வைத்த நாடாவில் இன்னொருவரும் வாய் வைக்க நேரும்.

இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளில் இதற்கு 'நாடாவை முத்தமிடுதல்' என்றே பெயர். பஞ்சுத் தூசி நுரையீரலுக்குப் போகிறது, ஒருவர் நோய் இன்னொருவருக்குத் தொற்றுகிறது என்று அங்கே எதிர்ப்பு கிளம்பியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1911இல் இதைத் தடை செய்தது. லங்காஷயரில் தடை வர 1952 ஆயிற்று. அங்கே அது சுகாதாரப் பிரச்சினை.

பம்பாயில் அது எச்சில் பிரச்சினை ஆனது. அதுவும் எல்லாருடைய எச்சிலும் அல்ல. நெசவுப் பிரிவில் மராத்தாக்கள் இருந்தார்கள், முஸ்லிம்கள் இருந்தார்கள். மகர் வாய் வைத்த நாடாவில் நாங்கள் வாய் வைக்க மாட்டோம் என்பதுதான் பேச்சு. அதனால் பெரும்பாலான ஆலைகளில் நெசவுப் பிரிவின் கதவு தலித்துகளுக்கு மூடியே இருந்தது. அவர்கள் போக முடிந்தது நூற்புப் பிரிவுக்கு, அதிலும் ரிங் பிரேமுக்கு. பெருக்கும் வேலை, கழிவுப் பஞ்சு அள்ளும் வேலை எப்போதும் உண்டு. ஆலையில் சாதாரணத் தொழிலாளி எட்டக்கூடிய நல்ல கூலி நெசவில்தான் இருந்தது. நூற்பில் கூலி வெகு குறைவு. ஆக, ஒரு துளையில் வாய் வைக்கும் உரிமை இல்லாததால் ஒரு சமூகமே தலைமுறை தலைமுறையாகக் குறைந்த கூலியில் நின்றது.

இதில் முதலாளிகள் கைகழுவிக்கொண்டதையும் பார்க்க வேண்டும். வாய் வைக்காமல் நூல் கோர்க்கக்கூடிய நாடாவும் தானியங்கித் தறியும் அந்தக் காலத்திலேயே உலகில் இருந்தன. அதற்குப் பணம் போட வேண்டும். மலிவான கூலிக்கு ஆள் கிடைக்கும்போது எதற்குப் போடுவார்கள்? தொழிலாளிகளே விரும்பவில்லை, நாங்கள் என்ன செய்ய என்று சொல்லிவிடுவது சுலபம்.

இனி ஆலைக்கு வெளியே வருவோம். பம்பாயின் முதல் பஞ்சாலை 1850களில் தொடங்கியது. அரை நூற்றாண்டுக்குள் பரேல், லால்பாக், வொர்லி, நாய்காவ், சிவ்டி என்று நகரின் நடுப்பகுதி முழுக்கப் புகைபோக்கிகள். மராத்தியில் இந்தப் பகுதிக்கு 'கிரண்காவ்' என்று பெயர், ஆலை ஊர் என்று பொருள். ரத்னகிரி, சாத்தாரா பக்கமிருந்து ஆண்கள் வந்தார்கள். மனைவி, குழந்தைகள் பெரும்பாலும் ஊரிலேயே இருந்தார்கள். ஒரே கிராமத்துக்காரர்கள் சேர்ந்து ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, ஷிப்டுக்கு ஷிப்ட் மாறிமாறித் தூங்கினார்கள். ஒருவன் எழுந்துபோன பாயில் இன்னொருவன் படுப்பான். ஊரிலிருந்து புதிதாக வருகிறவனுக்கு முதல் இரவு தங்க இடமும், ஜாபரிடம் சொல்லி வேலையும் இந்த அறை வழியாகத்தான் கிடைக்கும்.

இதை 'கிராமத்து ஒற்றுமை நகரத்தில் தொடர்ந்தது' என்று சமூகவியல் வகுப்பில் அழகாகச் சொல்லித் தருவார்கள். நானும் முதுகலைத் தேர்வில் அப்படித்தான் எழுதினேன். கிராமம் நகரத்துக்கு வந்தால் சேரியும் கூடவே வரும் என்பதை அன்று எழுதத் தோன்றவில்லை. ஜாபர் தன் ஊர்க்காரனுக்கும் தன் சாதிக்காரனுக்கும்தான் வேலை தருவான். சாலின் அறைகள் சாதி சாதியாகக் கூடின. ஆலைக்குள் தண்ணீர் குடிக்கும் இடமும் சாப்பிடும் இடமும் தலித்துகளுக்குத் தனி. பன்னிரண்டு மணி நேரம் ஒரே கூரையின் கீழ், ஒரே தூசியைச் சுவாசித்தவர்கள், தாகம் எடுத்தால் வேறு வேறு பக்கம் போனார்கள்.

தனியாக வந்த ஆண்களுக்குச் சோறு போட்டது கானாவல். பத்து, இருபது பேருக்கு மாதக் கணக்கில் சமைத்துக் கொடுக்கும் வீட்டுச் சமையலறைக்கு அந்தப் பெயர். நடத்தியவர்கள் பெண்கள். விதவைகள், புருஷன் வேலை இழந்த வீட்டுப் பெண்கள், ஆலையிலிருந்து ஆட்குறைப்பில் வெளியேற்றப்பட்ட பெண்கள். ஆலைச் சங்கு ஊதுவதற்கு முன் எழுந்து பாக்ரி தட்டி, பருப்பு வைத்து, கருவாடு சுட்டு, டப்பாவில் அடைத்து அனுப்பிவிட்டு, அடுத்த ஷிப்டுக்கு அடுப்பைத் திரும்பப் பற்ற வைப்பார்கள். சம்பளம் வந்தால்தான் இவர்களுக்குக் காசு. வேலைநிறுத்தம் வந்தால் கடனுக்குச் சோறு. பம்பாயின் பெரிய வேலைநிறுத்தங்கள் மாதக்கணக்கில் நீடித்ததற்குத் தலைவர்களின் பேச்சு மட்டும் காரணமல்ல, இந்த அடுப்புகளும் காரணம். ஆனால் யார் எந்தக் கானாவலில் சாப்பிடுவது என்பதையும் சாதியும் ஊரும்தான் தீர்மானித்தன. மகர் தொழிலாளி மகர் வீட்டுக் கானாவலில் சாப்பிட்டான். சோற்றில் தொடங்கியதுதான் நாடாவில் முடிந்தது.

1920இல் பம்பாய் அரசு வளர்ச்சித் துறை ஒன்றை அமைத்து, ஆலைத் தொழிலாளிகளுக்கென்று சால்கள் கட்டியது. இன்றும் பி.டி.டி. சால் என்கிறார்கள். வொர்லியில் மட்டும் 121 கட்டடங்கள். ஒரு குடும்பத்துக்கு 160 சதுர அடியில் ஒரே அறை, குழாயும் கழிப்பறையும் பொது. சிறைபோல இருக்கிறது என்று முதலில் குடிவர ஆள் தயங்கினார்கள். தனியார் சால்களில் இடம் மறுக்கப்பட்ட தலித் குடும்பங்களுக்கு அரசுச் சால் ஒரு வாசலாக இருந்தது. அதனால்தான் அந்தக் கட்டடங்கள் பிற்பாடு அம்பேத்கர் இயக்கத்தின் கோட்டை ஆயின.

அண்ணலே இந்தத் தெருக்காரர்தான், இதைப் பலர் மறந்துவிடுகிறோம். பரேலில் நகர மேம்பாட்டு டிரஸ்ட் கட்டிய சாலில், 50, 51 என்ற இரண்டு அறைகளில் அவர் குடும்பம் 1912 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது. கொலம்பியாவில் படித்துத் திரும்பிய பேராசிரியர், பொதுக் குழாயும் பொதுக் கழிப்பறையும் இருக்கிற கட்டடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். ரமாபாய் அம்மையார் குடும்பம் நடத்தியதும் அங்கேதான். 1924இல் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையின் அலுவலகம் அதே பரேல் பகுதியில், தாமோதர் ஹாலில். ரிங் பிரேமில் நின்றுவிட்டு வரும் தொழிலாளி முறையிட வேண்டுமென்றால் நடந்தே போய்ச் சேரலாம். நாடா விவகாரம் அவருக்குப் புத்தகத்தில் படித்த செய்தி அல்ல.

1928 ஏப்ரலில் பம்பாய் ஆலைகளின் பொது வேலைநிறுத்தம் தொடங்கி ஆறு மாதம் போனது. கிர்ணி காம்கார் யூனியன் என்ற சிவப்புக் கொடிச் சங்கம் பிறந்ததும் அப்போதுதான். கோரிக்கைப் பட்டியலில் கூலி இருந்தது, வேலைப் பளு இருந்தது. நெசவுப் பிரிவின் கதவைத் திறப்பது இல்லை. அம்பேத்கர் அதைக் கேட்டார். எங்கள் மக்களுக்கு எல்லாப் பிரிவிலும் வேலை செய்யும் உரிமையைச் சேருங்கள், இல்லையென்றால் நாங்கள் ஏன் உங்களோடு பட்டினி கிடக்க வேண்டும் என்பதுதான் அவர் கேள்வியின் சாரம். தலைவர்கள் தயங்கித் தயங்கித்தான் சேர்த்தார்கள். முதலாளிகள் என்ன சொன்னார்கள் தெரியுமா? இந்த அநியாயத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல என்றார்கள். அரைவாசி உண்மை, அதனால்தான் சங்கத்தால் பதில் சொல்ல முடியவில்லை.

1929இல் மறுபடியும் வேலைநிறுத்தம் வந்தபோது அம்பேத்கர் அதை எதிர்த்தார். இதை வைத்து அவரைத் தொழிலாளர் விரோதி என்று எழுதியவர்கள் உண்டு. நம் பெரம்பூரில் 1921 பக்கிங்காம் கர்னாடிக் ஆலை வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குப் போனபோதும் 'கருங்காலி' என்ற சொல் சுலபமாக விழுந்தது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. எம்.சி. ராஜா அவர்களுக்காகப் பேச வேண்டி வந்தது. வேலைநிறுத்தத்தை உடைப்பது நல்லது என்று நான் சொல்லவரவில்லை. கையில் சேமிப்பு இல்லாத, கடை கொடுக்கும் கடனும் கிடைக்காத குடும்பத்திடம், சங்கம் என்ன உறுதி கொடுத்து வரச் சொன்னது என்பதையும் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்காத தொழிற்சங்க வரலாறு எனக்கு அரைகுறையாகவே படுகிறது.

பத்தாண்டு கழித்து அதே அம்பேத்கர்தான் கம்யூனிஸ்டுகளோடு கைகோத்தார். 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சி தொடங்கியிருந்தார். காங்கிரஸ் மாகாண அரசு வேலைநிறுத்த உரிமையைக் கட்டிப்போடும் தொழில் தகராறு மசோதாவைக் கொண்டுவந்தபோது, 1938 நவம்பர் 7 அன்று ஒரு நாள் பொது வேலைநிறுத்தம். சமதா சைனிக் தளத்தின் தொண்டர்களும் சிவப்புக் கொடித் தொண்டர்களும் ஒன்றாகத் தெருவில் நின்றார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் மன்மாடில் தலித் ரயில்வே தொழிலாளர் மாநாட்டில்தான், இந்த நாட்டின் தொழிலாளிக்கு இரண்டு எதிரிகள், ஒன்று பார்ப்பனியம், மற்றது முதலாளித்துவம் என்று அவர் பேசினார். 1928ஐயும் 1938ஐயும் சேர்த்துப் படித்தால் முரண்பாடு இருக்காது. ஒன்றில் நிபந்தனை வைத்தார், மற்றதில் கூட்டணி வைத்தார்.

இவ்வளவும் அரசியல். சாயங்கால வாழ்க்கை வேறு. ஷிப்ட் முடிந்தால் பஜனைக் குழு, உடற்பயிற்சிக்கூடம், தமாஷா, கணபதி மண்டலங்கள். தலித் சால்களில் 1930களிலிருந்து 'ஜல்சா' பரவியது. தமாஷா வடிவத்தை எடுத்து, அதில் அம்பேத்கரின் செய்தியை வைத்துப் பாடி நடிப்பது. பீம்ராவ் கர்டக் போன்றவர்கள் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். படிக்காத ஜனங்களுக்கு அதுதான் பத்திரிகை. வாமன்தாதா கர்டக்கின் வாழ்க்கையைப் பாருங்கள். நாசிக் பக்கத்துக் கிராமத்திலிருந்து பம்பாய்க்கு வந்து ஆலை வேலை உட்படப் பல வேலைகள் பார்த்தவர். ஒருவர் கடிதத்தைக் கொடுத்துப் படித்துச் சொல்லச் சொன்னபோது, எழுத்துத் தெரியாத அவமானம் அவரைத் தைத்தது. வளர்ந்த பிறகு எழுத்துக் கற்றார். பிறகு அவர் எழுதிய பாடல்கள் மராத்தியத்தின் தலித் வீடுகளில் இன்றும் ஒலிக்கின்றன.

1956க்குப் பின் வொர்லி சால்களில் 'பௌத்தர் கட்டடம்' என்றும் மராத்தாக்களின் கட்டடம் என்றும் பேச்சு வழக்கு. நடுவில் ஒரு மைதானம், அவ்வளவுதான் தூரம். 1974 ஜனவரி 5 அன்று அங்கே தலித் பேந்தர்ஸ் கூட்டம் நடந்தபோது கல்வீச்சு தொடங்கி, போலீஸ் தலித் கட்டடங்களுக்குள் புகுந்தது. கலவரம் வாரக்கணக்கில் நீடித்தது. ஜனவரி 10 அன்று பரேலில் நடந்த கண்டன ஊர்வலத்தில் பாகவத் ஜாதவ் என்ற இளைஞர் மேலிருந்து எறியப்பட்ட கல்லால் கொல்லப்பட்டார். அது சமையலறையில் அரைக்கும் கல் என்கிறார்கள். எறிந்த மாடிகளிலும் கீழே நடந்தவர்களின் வீடுகளிலும் ஆலைச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

பிறகு 1982 ஜனவரி 18. டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் பேர் வெளியே வந்தார்கள். அந்த வேலைநிறுத்தம் முறைப்படி முடித்து வைக்கப்படவே இல்லை. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின, குடும்பங்கள் ஊருக்குத் திரும்பின, பிள்ளைகளின் படிப்பு நின்றது. கானாவல் பெண்கள் கொடுத்த கடன் திரும்பவில்லை. ஊரில் துண்டு நிலம் இருந்தவர்கள் அதில் ஒண்டிக்கொண்டார்கள். நிலமே இல்லாத தலித் தொழிலாளி திரும்பிப்போக எங்கே இருக்கிறது?

ஆலை நிலங்கள் இன்று மால்களாகவும் அடுக்குமாடிகளாகவும் நிற்கின்றன. ஒரு நிலம் மட்டும் வேறு வழியில் போனது. தாதரில் சைத்யபூமிக்குப் பக்கத்தில் இந்து மில் என்றொரு ஆலை இருந்தது. மூடிக் கிடந்த அந்த வளாகத்துக்குள் 2011 டிசம்பர் 6 அன்று அம்பேத்கரியத் தொண்டர்கள் புகுந்து, இது அண்ணலின் நினைவிடத்துக்கு வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டார்கள். 2015இல் அடிக்கல் நாட்டினார்கள். கடலை ஒட்டிய பன்னிரண்டு ஏக்கர், ஆலை இருந்த இடம்.