தீங்கு செய்தவரை மன்னித்தல்: மதுரை மிஷன் மரபு

தீங்கு செய்தவரை மன்னிப்பது கத்தோலிக்கருக்குக் கடமை. விரும்பினால் செய்யலாம் என்று விடப்பட்ட புண்ணியம் அல்ல. கர்த்தர் கற்பித்த செபத்தில் தன் குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்கிறவர், பிறர் குற்றத்தைத் தான் மன்னிப்பதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று 1215-இல் லாத்தரன் பொதுச்சங்கம் விதித்தது. 1606-இல் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்து தொடங்கிய மிஷன் இந்தப் போதனையை வைகைச் சமவெளிக்குக் கொண்டுவந்தது. பொறையுடைமைக்கும் இன்னா செய்யாமைக்கும் தனித்தனி அதிகாரம் வைத்திருந்த குறளின் நாட்டுக்குப் பொறுத்தல் என்பது புதிய சரக்கல்ல. அந்தக் குறளின் முதல் இரு பால்களை இந்த மிஷனைச் சேர்ந்த வீரமாமுனிவரே பின்னாளில் இலத்தீனில் பெயர்த்தார். ஆனால், இந்த மரபில் மன்னிப்புக்கு உருவம் கொடுத்தது ஏடுகளை விட ஒரு மரணம்தான்.

லிஸ்பனில் 1647-இல் பிறந்த மிஷன் குரு அருளானந்தர் பண்டாரசாமி என்ற துறவி வேடத்தில் மறவர் சீமையில் போதித்தார். 1686-இல் பிடிபட்டுச் சித்திரவதைக்கு உள்ளானவரை, இனி இந்த நாட்டில் போதிக்கக் கூடாது என்று சொல்லி அந்தச் சீமையின் மன்னர் கிழவன் சேதுபதி விடுவித்தார். ஐரோப்பா போய் 1690-இல் திரும்பியவர், தடையை மீறி மறுபடி அங்கேயே போனார். மறவர் தலைவர் தடியத்தேவர் அவரிடம் ஞானஸ்நானம் பெறும்போது ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்க, சேதுபதியின் உறவுப் பெண்ணான இளைய மனைவி சேதுபதியிடமே முறையிட்டார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. வெட்ட வந்தவரை அவர் தழுவிக்கொண்டார் என்றும், கழுத்தில் தொங்கிய கயிறு மந்திரக் கயிறோ என்று அஞ்சி அந்த ஆள் முதலில் அதை அறுத்தெறிந்தார் என்றும் மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. 1947-இல் அருளானந்தர் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் தழுவியதைச் சொல்லாத பிரசங்கம் இல்லை. தடையை மீறித் திரும்பி வந்ததை அதோடு சேர்த்துச் சொல்வோர் குறைவு. என் பார்வையில் இரண்டும் ஒரே செயலின் இரு பாதிகள். அவர் விட்டுக்கொடுத்தது பழிவாங்கும் உரிமையை. தன் வழக்கை அல்ல.

மறைசாட்சியாக மரிக்க ஆசைப்பட்டவருக்கு மன்னிக்க என்ன இருந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தனக்கு வந்த மரணத்தை வரவேற்பது ஒன்று, பிறர் இழைத்த கொடுமையை மன்னிப்பது வேறு. அதனால் 1995-இல் மத்தியப் பிரதேசத்தில் பேருந்திலிருந்து இழுத்துக் குத்திக் கொல்லப்பட்ட அருட்சகோதரி ராணி மரியாவின் குடும்பத்தைப் பார்ப்பது நல்லது. இழந்தவர்கள் அவர்கள். கொலையாளியின் கையில் ராக்கி கட்டி அவரைச் சகோதரனாக ஏற்றார் ராணி மரியாவின் தங்கை; கொலையாளியோ தீர்ப்பு பெற்றுச் சிறையில் இருந்தவர். இலங்கையில் 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பின் பழிவாங்கல் வேண்டாம் என்ற கர்தினால் மல்கம் ரஞ்சித், உண்மையை வெளிக்கொணரும் விசாரணை கேட்பதை நிறுத்தவில்லை. மன்னிப்பு நீதியின் கோரிக்கைகளை ரத்து செய்யாது என்று இரண்டாம் யோவான் பவுல் தம் 1980-ஆம் ஆண்டுச் சுற்றுமடலிலேயே தெளிவாக்கியிருந்தார்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் இன்னொன்று: பொறுத்துப் போ என்ற உபதேசம் எப்போதும் எளியவர் பக்கமே திரும்புகிறது. விலக்கப்பட்ட மனைவியர் என்ன ஆனார்கள் என்பதைப் புனிதர் சரித்திரங்கள் விசாரிப்பதில்லை. முறையிட்டவளை வஞ்சம் தீர்த்தவளாக நிறுத்திவிட்டு நகர்கின்றன. அவளும் இழந்தவள்தான். மதுரை மிஷன் சாதிக்கேற்பப் போதகர்களைப் பிரித்தே வளர்ந்தது. அதன் மிச்சமாகக் கோயிலில் தனி இடமும் தனிக் கல்லறையும் நீடித்த ஊர்களில், மன்னிக்கச் சொல்லப்பட்டவர்கள் பெரும்பாலும் தலித் கத்தோலிக்கர்களே. இதற்குப் பதில் போதனைக்குள்ளேயே இருக்கிறது. பாவசங்கீர்த்தனத்துக்கு மனஸ்தாபம், அறிக்கை, பரிகாரம் மூன்றும் வேண்டும். செய்தவன் தரப்புக் கடன் அது. சாதிப் பாகுபாட்டைப் பெரும் சமூகப் பாவம் என்று இந்திய ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்ட கொள்கை ஒப்புக்கொண்டது. அறிக்கை வந்துவிட்டது, பல பங்குகளில் பரிகாரம் பாக்கி.