தேரடியில் ஒரு கேமரா

சங்கரன்கோவில் தேரடியில் விசைத்தறிக் கூலி உயர்வு கேட்டு நின்றோம். எதிரே மஃப்டியில் ஒருவர் எங்கள் முகங்களை வரிசையாக செல்போனில் எடுத்துக்கொண்டிருந்தார். "புடிச்சா புடிச்சிட்டுப் போறாரு, விடுப்பா" என்றார் அண்ணாச்சி. எனக்கு விட மனசில்லை.

பழைய வழக்கம்தான். பக்கத்து எட்டயபுரத்து பாரதி 1908இல் புதுச்சேரி போன பிறகும் பிரிட்டிஷ் ஒற்றர்கள் அவரைச் சுற்றினார்கள். 1920இன் கைதிகள் அடையாளச் சட்டம் படமெடுக்க அதிகாரம் தந்தது. குற்றமற்றவர் என்று விடுதலையானால் படத்தை அழிக்கவும் சொன்னது. அதற்குப் பதிலாக 2022இல் வந்த சட்டத்தில் பதிவுகள் 75 ஆண்டுகள் இருக்கும். இரண்டுமே கைது, தண்டனை, விசாரணை என்று சிக்கியவர்களைப் பற்றியவை. தேரடியில் சும்மா நிற்பவனைப் பற்றி அல்ல.

2021இல் ஹைதராபாத்தில் செயற்பாட்டாளர் எஸ்.க்யூ. மசூதை நிறுத்தி மாஸ்க்கைக் கழற்றச் சொன்னது போலீஸ். மறுத்தார், அப்படியும் படமெடுத்தார்கள். கமிஷனருக்கு நோட்டீஸ் அனுப்பிவிட்டு, முக அடையாளத் தொழில்நுட்பத்தையே எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார். அந்தரங்கம் அடிப்படை உரிமை, அதில் கைவைக்கச் சட்டம் வேண்டும் என்ற 2017 புட்டசாமி தீர்ப்பு நமக்கும் சேர்த்துத்தான்.

"எந்தச் சட்டத்துல சார் எடுக்கீங்க?" என்று கேட்டேன். அவர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மறுநாள் பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி அதே கேள்வியை ஆர்டிஐ மனுவாக எழுதினேன். எட்டிப் பார்த்த அண்ணாச்சி, "எம் பேர்லயும் ஒண்ணு எழுது" என்றார்.