வருடை மலையும் தொலைநோக்காடியும்

மலையும் மலை சார்ந்த நிலமும் குறிஞ்சி என வகுத்த மரபில் வந்தவர் நாம். பிழைப்பை நாடி வந்து அகளியைச் சூழ்ந்த அட்டப்பாடிப் பகுதியில் குடியமர்ந்த நமக்கு, அந்தக் குறிஞ்சி நாள்தோறும் கண்ணெதிரே நிற்கும் காட்சியாகிவிட்டது. ஒருபுறம் பவானியும் மறுபுறம் சிறுவாணியும் பாய, மேலே அமைதிப் பள்ளத்தாக்கின் முடிகள் முகில் சூடி விளங்குகின்றன. அம்முடிகளின் செங்குத்தான பாறைகளில் வாழும் விலங்கே வரையாடு. சங்க நூல்கள் இதனை வருடை என வழங்கும். இன்று இது தமிழகத்தின் மாநில விலங்கு. இவ்வாட்டினைத் தொலைவிலிருந்து காண மனிதன் கைக்கொண்ட கண்ணாடிகளின் வரலாற்றை இம்மலரில் சுருக்கமாகக் காண்போம்.

வெள்ளையர் வேட்டை

ஆங்கிலேயர் நீலமலையில் குடியேறிய பின்னர், அவர்களுடைய பொழுதுபோக்குகளுள் தலையாயது வேட்டை. வரையாட்டை அவர்கள் 'ஐபெக்ஸ்' எனப் பிழைபட அழைத்தனர். ஜெனரல் டக்ளஸ் ஹாமில்டன் போன்றோர் தம் வேட்டை அனுபவங்களை விரிவாக எழுதி வைத்தனர். அவருடைய குறிப்புகள் 1892-இல் நூலாக வெளிவந்தன. முதுகில் வெண்ணிறம் படர்ந்த முதிர்ந்த கடாவை வீழ்த்துவதே அவர்களுக்குப் பெருமை.

அவ்வேட்டை எளிதன்று. வரையாட்டின் கண் மிகக் கூர்மையானது. மந்தை மேயும்போது ஓர் ஆடு காவல் நிற்பதுண்டு. பகை பெரும்பாலும் கீழிருந்தே வருமாதலால் அது தாழ்வரையை நோக்கியே விழித்திருக்கும். ஆகவே வேடன் பல மணி நேரம் சுற்றி மலைமேல் ஏறி, மேலிருந்து அணுக வேண்டும். அவ்வாறு அணுகியும் நூறு கஜத்துக்கு உள்ளே செல்ல இயலாமற்போவது வழக்கம். குமாயூன் காட்டில் மிக அண்மையில் புலியை எதிர்கொண்ட ஜிம் கார்பெட்டுக்குத் துப்பாக்கியின் வெறுங்குறியே போதுமானதாயிருந்தது. பாறைக்குப் பாறை தாவும் வருடைக்கோ அது போதவில்லை. தொலைவை வெல்ல வேண்டிய தேவை இங்கேதான் எழுந்தது.

ஸ்கோப்பின் தோற்றம்

தொடக்கத்தில் வேட்டையாளர் கையில் ஒரு தொலைநோக்கியை எடுத்துச் சென்று கடாவை இனங்கண்டு, பின் வெறுங்கண்ணால் குறிபார்த்துச் சுட்டனர். கண்ணாடியைத் துப்பாக்கியின் மீதே பொருத்தும் கருத்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருப்பெற்றது. அமெரிக்காவில் மார்கன் ஜேம்ஸ் 1840-களில் செய்த ஸ்கோப்புகள் துப்பாக்கிக் குழல் அளவுக்கே நீண்டிருந்தன. இந்தியாவில் பணியாற்றிய படை அதிகாரி டேவிட்சன் வடிவமைத்த கருவி துப்பாக்கியின் இடப்பக்கத்தில் பொருத்தப்பட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–1865) தென்பகுதிப் படையினர் சிலர் தம் விட்வர்த் ரைபிள்களில் அதனைப் பயன்படுத்தினர். 1880-இல் ஆஸ்திரிய நாட்டு வன அலுவலர் ஆகஸ்ட் ஃபீட்லர் வேட்டைக்கு ஏற்ற ஒரு ஸ்கோப்பை அமைத்தார். 1935-இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் ஸ்மகூலா என்பார் கண்ணாடியின் மேல் நுண்படலம் பூசி ஒளியிழப்பைக் குறைக்கும் முறையைக் கண்டார். அந்திப் பொழுதிலும் குறி தெளிவாகத் தெரிவதற்கு இம்முறை பேருதவியாயிற்று.

எது சிறந்தது?

கருவிகள் பெருகியதும் எதனைத் தேர்வது என்னும் வினா பிறந்தது. மிகுதியாகப் பெருக்கிக் காட்டுவதே சிறந்தது என்று புதியவர் எண்ணுவர். மலையோ வேறு பாடம் கற்பிக்கும். உருவத்தைப் பெருக்கும் கண்ணாடி, கைநடுக்கத்தையும் நெஞ்சத் துடிப்பையும் சேர்த்தே பெருக்குகிறது. காட்சிப் பரப்பும் சுருங்கிவிடுகிறது. முகில் ஒரு கணம் விலகும்போது மந்தை எங்கே நிற்கிறது என்று தேடுவதற்குள் மீண்டும் திரை விழுந்துவிடும்.

ஒளியின் கணக்கு ஒன்றும் உண்டு. முகப்பு வில்லையின் விட்டத்தைப் பெருக்க எண்ணால் வகுத்தால், கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 32 மி.மீ. முகப்பும் 4 மடங்குப் பெருக்கமும் உடையது 8 மி.மீ. தரும். 40 மி.மீ. முகப்பும் 10 மடங்குப் பெருக்கமும் உடையது 4 மி.மீ. மட்டுமே தரும். இருளில் இளைஞரின் கண்மணி 7 மி.மீ. வரை விரியுமாதலால், மங்கிய பொழுதில் பெருக்கம் குறைந்த கண்ணாடியே தெளிவாகக் காட்டும். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடையே மூன்று அங்குலமேனும் இடைவெளி வேண்டும். இல்லையேல் துப்பாக்கி பின்னுதைக்கும்போது புருவம் கிழியும். மழைக்காலத்தில் உள்ளே பனி படியும் ஸ்கோப் எத்துணை விலையுயர்ந்ததாயினும் பயனற்றது.

சரிவின் கணக்கு இவற்றினும் நுட்பமானது. 45 பாகைச் சரிவில் 300 கஜம் கீழே நிற்கும் ஆட்டுக்கு, கிடைத்தொலைவு ஏறத்தாழ 212 கஜமே. குண்டைக் கீழே இழுக்கும் புவியீர்ப்பு அக்கிடைத்தொலைவுக்கு ஏற்பவே செயற்படும். 300 கஜத்துக்கெனக் குறிவைத்தால் குண்டு ஆட்டின் மேலே பறந்துபோகும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை அறிந்த நமக்குக் காற்றின் வலிமையைச் சொல்ல வேண்டுவதில்லை. இவற்றையெல்லாம் எந்தக் கண்ணாடியும் தானாக உணர்த்தியதில்லை. மலையை அறிந்தவன் கண்ணே உணர்த்தியது.

மறக்கப்பட்ட கண்கள்

அந்தக் கண் யாருடையது? ஆடு மேயும் இடத்தையும் முகில் விலகும் வேளையையும் ஏறும் தடத்தையும் துரைக்குக் காட்டியவர்கள் மலைவாழ் மக்களே. நீலமலையில் குறும்பரும் இருளரும், மூணாறு மலையில் முதுவரும் வழிகாட்டிகளாய் நின்றனர். வெறுங்கண்ணால் அவர்கள் கண்டதைத் துரை கண்ணாடியிட்டுச் சரிபார்த்தார். கொம்பின் நீளம் அங்குலக் கணக்கில் ஏட்டில் ஏறியது. வழிகாட்டியின் பெயர் பெரும்பாலும் ஏறவில்லை. நம் அண்டை வீட்டாராய் வாழும் இருளரும் முதுகரும் குறும்பரும் அவ்வறிவின் வழித்தோன்றல்கள் என்பதை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

வேட்டையிலிருந்து எண்ணிக்கைக்கு

தொலைவிலிருந்து கொல்லும் ஆற்றல் வளர வளர மந்தை குறைந்தது. அதனை முதலில் உணர்ந்தவர்களுள் வேட்டையாளரும் இருந்தனர். 1877-இல் நீலகிரி வேட்டைச் சங்கம் தோன்றியது. 1879-இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே, இடுக்கியின் இரவிகுளம் தேயிலைத் தோட்டத்தாரின் வேட்டைக்காடாகக் காக்கப்பட்டது. அங்கே முதுவர் காவலராயினர். 1971-இல் கேரள அரசு அந்நிலத்தை மீட்டது. 1975-இல் அது சரணாலயமாகவும் 1978-இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. இதனிடையே 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரையாட்டை முதல் அட்டவணையில் வைத்து அதன் வேட்டைக்கு முற்றுப்புள்ளி இட்டது. நம் அண்டையிலுள்ள அமைதிப் பள்ளத்தாக்கும் 1984-இல் தேசியப் பூங்கா என அறிவிக்கப்பட்டது.

துப்பாக்கி ஓய்ந்தாலும் கண்ணாடி ஓயவில்லை. 1969-இல் ஜார்ஜ் ஷாலர் இரவிகுளத்தில் வரையாட்டின் வாழ்க்கையை ஆராய்ந்தார். 1975-இல் ஈ. ஆர். சி. டேவிதார் மலைதோறும் நடந்து கணக்கெடுத்தார். ஏறத்தாழ 2,200 ஆடுகள் என்பது அவர் மதிப்பீடு. அவர் பிறந்த அக்டோபர் 7-ஆம் நாளையே தமிழக அரசு வரையாடு நாளாகக் கொண்டாடுகிறது. 2025-இல் கேரளமும் தமிழகமும் ஒருங்கே எண்ணியபோது கேரளத்தில் 1,365, தமிழகத்தில் 1,303 என மொத்தம் 2,668 ஆடுகள் காணப்பட்டன.

இந்த எண் பெரிதன்று. ஒரு சிற்றூரின் மக்கள்தொகைக்கும் குறைவானதே. எனினும் இரு மாநிலத்தார் ஒரே காலத்தில் ஒரே மலைத்தொடரில் ஏறி, ஒரே விலங்கை எண்ணினர் என்பது எல்லையோரத்தில் வாழும் நமக்குப் பொருளுள்ள செய்தி. மாநில எல்லை வரையாட்டுக்குத் தெரியாது. அது காலையில் ஒரு சரிவிலும் மாலையில் மறுசரிவிலும் மேய்கிறது.

கொல்வதற்கெனத் தேர்ந்த அதே கண்ணாடி காப்பதற்கும் பயன்பட்டது. பொறுமை, ஒளியறிவு, காற்றறிவு, மலையறிவு என அன்று வேடனுக்கு வேண்டியிருந்த அத்தனையும் இன்று எண்ணுவோனுக்கும் வேண்டும். நம் குடியிருப்பு இளைஞர்கள் விடுமுறை நாட்களில் ஓர் இருகண் நோக்கியை ஏந்தி, வனத்துறையின் இசைவோடும் மலைவாழ் முதியவர் ஒருவரின் துணையோடும் இம்முடிகளை நோக்கிச் செல்வார்களாக. வருடை என்று ஏட்டில் படித்த சொல் பாறைமேல் உயிரோடு நிற்பதைக் காணும் பேறு, தமிழ்க் குடும்பங்களுள் வெகு சிலவற்றுக்கே உரியது. அப்பேறு வாய்த்தவர் நாம்.