1896 பம்பாய் பிளேக்கும் எங்கள் வீட்டு இரண்டு நாள் காய்ச்சலும்



நான் மும்பை மாதுங்காவில் பிறந்து வளர்ந்தவன். பி.எஸ்ஸி. ரசாயனம் படித்து, மத்திய அரசு உத்தியோகத்தில் சேர்ந்து, 2009-ல் ஓய்வு பெற்றேன். இப்போது வயது எழுபத்தாறு. ஓய்வுக்குப் பிறகு இந்த நகரத்தின் பழைய கதைகளைப் படிப்பது பொழுதுபோக்காக ஆரம்பித்து, பிறகு பழக்கமாகவே ஆகிவிட்டது. 2020-ல் கொரோனா வந்த முதல் வாரங்களில் பல ஊர்களிலிருந்தும் உறவினர்களும் நண்பர்களும் தொலைபேசியில் சொன்ன பயங்களைக் கேட்டபோது, இவற்றையெல்லாம் ஏற்கெனவே படித்திருக்கிறோமே என்று தோன்றியது. படித்தது, 1896-ல் இதே நகரத்துக்கு வந்த பிளேக்கைப் பற்றி. அதை இங்கே சுருக்கமாகச் சொல்ல விரும்புகிறேன். கூடவே என்னுடைய தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

முதல் சாவுகள்

பம்பாய்த் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வி, தானியக் கிடங்குகள் நிறைந்த பகுதி. 1896-ம் வருஷம் மழைக்காலத்தின் முடிவில் அங்கே எலிகள் செத்து விழுந்தன. பிறகு ஜனங்களுக்குக் கடும் காய்ச்சல் கண்டது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டியது. சில நாட்களில் மரணம். கோவாவைச் சேர்ந்த டாக்டர் அகாசியோ வீகாஸ் அங்கே நோயாளிகளைப் பார்த்து வந்தவர், நகரசபை உறுப்பினரும்கூட. செப்டம்பர் 23-ம் தேதி நகரசபையின் நிலைக்குழுவில் எழுந்து, இது பிளேக்தான் என்று அவர் சொன்னார்.

பலர் இதை முதலில் ஏற்கவில்லை. பிளேக் என்ற சொல் வெளியே போனால் மற்ற நாட்டுத் துறைமுகங்கள் பம்பாய்க் கப்பல்களை நிறுத்திவிடும், வியாபாரம் படுத்துவிடும் என்ற கவலை. உயிர் ஒரு பக்கம், பிழைப்பு ஒரு பக்கம் என்று தராசு தட்டியதை 2020-லும் நாம் பார்த்தோம் அல்லவா?

ஓட்டம்

செய்தி உறுதியானதும் நகரம் காலியாக ஆரம்பித்தது. 1891 ஜனத்தொகைக் கணக்குப்படி பம்பாயில் இருந்தவர்கள் சுமார் 8.2 லட்சம் பேர். 1897 பிப்ரவரிக்குள் ஏறக்குறைய 3.8 லட்சம் பேர் வெளியேறிவிட்டதாக அரசு மதிப்பிட்டது. கிட்டத்தட்ட பாதி ஊர்! மில்களில் ஆள் இல்லை. இருந்த தொழிலாளிகளைப் பிடித்து வைக்க மில் முதலாளிகள் அன்றன்றைக்கே கூலி கொடுக்க வேண்டியதாயிற்று. ஓடியவர்களோடு நோயும் ரயிலிலும் படகிலும் ஏறிக்கொண்டது.

அப்போது முனிசிபல் கமிஷனராக இருந்தவர் ஸ்னோ. அவருக்கு இருந்த பெரிய பயம் நோயைப் பற்றியது மட்டும் அல்ல. துப்புரவுத் தொழிலாளர்களும் ஓடிவிட்டால் நகரம் சில நாட்களில் வாழ முடியாததாகிவிடும் என்பதுதான். சாதாரண நாளில் யாரும் திரும்பிப் பார்க்காத மனிதர்கள், நெருக்கடி வந்த மறுநாளே நகரத்தின் ஆதாரம் ஆனார்கள். நம் குடியிருப்பில் குப்பை எடுப்பவர் வராத அந்த ஏப்ரல் மாதத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

வதந்திகள்

சாக்கடைகளில் கடல் நீரையும் கார்பாலிக் அமிலத்தையும் கொட்டினார்கள். வீட்டு ஓடுகளைப் பிரித்து வெயில் விழச் செய்தார்கள். மனிதர் வசிக்கத் தகுதியற்றது என்று சுவர்களில் குறியிட்டார்கள். அக்டோபர் 6-ம் தேதி, நோயாளிகளை வலுக்கட்டாயமாகவும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று உத்தரவு வந்தது.

அதன் பிறகு வதந்திகள் சிறகு முளைத்துப் பறந்தன. ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் திரும்புவதில்லை. அங்கே உடம்பிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள் என்றார்கள். அந்த மாதம் விக்டோரியா ராணியின் சிலைக்கு யாரோ தார் பூசியிருந்தார்கள். அதற்குப் பழிவாங்க ராணி பம்பாய்வாசிகளின் ஈரலைக் கேட்டிருக்கிறாளாம் என்று ஒரு கதை! அக்டோபர் 29-ம் தேதி சுமார் ஆயிரம் மில் தொழிலாளிகள் திரண்டு வந்து ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியைத் தாக்கினார்கள். மறுநாள் உத்தரவு தளர்த்தப்பட்டது.

அந்த ஆஸ்பத்திரிதான் இன்றைய கஸ்தூர்பா ஆஸ்பத்திரி. 2020-ல் மும்பையின் முதல் கொரோனா நோயாளிகளைத் தனிமைப்படுத்தி வைத்ததும் அங்கேதான்.

ஈரல் கதையைப் படித்தபோது முதலில் சிரித்தேன். "படிக்காத ஜனங்கள்" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்தத் தொழிலாளி பார்த்தது என்ன? அவன் மனைவியை அன்னியர்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கூடப் போக விடவில்லை. போனவர்களில் பெரும்பாலோர் பிணமாகத்தான் வந்தார்கள். காரணத்தை யாரும் அவன் பாஷையில் சொல்லவில்லை. காரணம் சொல்லாத இடத்தில் கதை பிறக்கிறது.

சட்டமும் சிப்பாய்களும்

1897 பிப்ரவரி 4-ம் தேதி தொற்றுநோய்ச் சட்டம் அமலுக்கு வந்தது. நான்கே பிரிவுகள். அரசு எந்த நடவடிக்கையும் எடுக்கலாம், மீறினால் தண்டனை உண்டு, நடவடிக்கை எடுத்த அதிகாரி மீது வழக்குப் போட முடியாது. உத்தியோகத்தில் இருந்த நாளில் இப்படி ஒரு சட்டம் கையில் இருந்தால் எவ்வளவு வசதி என்று நினைத்திருப்பேன். நோயாளியின் உரிமை பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது.

அதன் விளைவைப் புனே பார்த்தது. ராண்ட் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியின் தலைமையில் பிளேக் கமிட்டி அமைத்து, பட்டாளத்துச் சிப்பாய்களை வீடு வீடாகச் சோதனைக்கு அனுப்பினார்கள். சமையலறைக்குள்ளும் பூஜை அறைக்குள்ளும் பூட்ஸ் காலோடு நுழைந்தார்கள் என்றும், பெண்களை அவமதித்தார்கள் என்றும் புகார்கள் குவிந்தன. ஜூன் 22-ம் தேதி, ராணியின் வைரவிழா இரவில், சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டார்கள். உடன் லெப்டினன்ட் அயர்ஸ்டும் மாண்டார். பம்பாயில் சிலைக்குத் தார் பூசியதும் தாங்களே என்று தாமோதர் சாபேகர் பின்னர் வாக்குமூலம் தந்தார், 1898-ல் தூக்கிலிடப்பட்டார். ராஜத்துரோகக் குற்றச்சாட்டில் திலகருக்குப் பதினெட்டு மாதச் சிறை.

கோகலேயின் அனுபவமும் நமக்குப் பாடம். அப்போது இங்கிலாந்தில் இருந்த அவர், நண்பர்களின் கடிதங்களை நம்பிச் சிப்பாய்கள் மீது மிகக் கடுமையான குற்றச்சாட்டு ஒன்றைப் பத்திரிகையில் சொல்லிவிட்டார். ஊர் திரும்பியபோது சாட்சி சொல்ல யாரும் முன்வரவில்லை. பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். கையில் வந்த செய்தியை அடுத்த நிமிஷமே பத்துப் பேருக்கு அனுப்பிவிடும் நம் போன்றவர்களில் எத்தனை பேர் பிறகு மன்னிப்புக் கேட்டிருக்கிறோம்?

அதே புனேயில், இன்னொரு வழியும் இருந்தது. சாவித்திரிபாய் புலே தன் வளர்ப்பு மகனான டாக்டர் யஷ்வந்தின் சிகிச்சை முகாமுக்கு நோயாளிகளைக் கொண்டு சேர்த்தார். நோய் கண்ட ஒரு சிறுவனைத் தூக்கிக்கொண்டு போனதில் தானும் நோய் தொற்றி 1897 மார்ச் 10-ம் தேதி காலமானார்.

ஊசி

நோய்க்கிருமியை 1894-லேயே ஹாங்காங்கில் யெர்சின் கண்டுபிடித்திருந்தார். அது எலியிடமிருந்து தெள்ளுப்பூச்சி மூலம் பரவுகிறது என்று பால் லூயி சிமோந்த் கராச்சியில் நிரூபித்தது 1898-ல். அதாவது, வீட்டையும் சாக்கடையையும் கழுவிக்கொண்டிருந்த அதிகாரிகளுக்கே நோய் எப்படிப் பரவுகிறது என்று தெரியாது. ஆனாலும் உத்தரவில் சந்தேகத்தின் சாயலே இல்லை.

தடுப்பூசி தயாரித்தவர் ஹாப்கின். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் சின்ன இடத்தில் வேலை செய்து, 1897 ஜனவரி 10-ம் தேதி முதல் ஊசியைத் தனக்கே போட்டுக்கொண்டார். அப்போதும் ஜனங்கள் தயங்கினார்கள். பத்தொன்பது வயதே ஆன ஆகா கான் எல்லோரும் பார்க்கத் தானே ஊசி போட்டுக்கொண்டார். அவரைப் பின்பற்றியவர்கள் பலர் முன்வந்தார்கள். உத்தரவு செய்ய முடியாததை ஒரு நம்பிக்கையான மனிதரின் கை செய்தது.

பம்பாயில் அந்தந்தச் சமூகத்தார் தங்களுக்கென்று பிளேக் ஆஸ்பத்திரிகள் நடத்தவும் அரசு அனுமதித்தது. தன் மனிதர்கள் கவனிக்கும் இடம் என்றதும் நோயாளியை ஒளித்து வைப்பது குறைந்தது. 1898 மார்ச்சில் பம்பாயில் மறுபடி கலவரம் வெடித்த பிறகு அரசும் கட்டாயத்தைப் படிப்படியாகக் கைவிட்டது. ஆனால் நோய் விடவில்லை. அடுத்த சில பத்தாண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பிளேக்கில் இறந்தார்கள்.

நெரிசலே நோயை வளர்த்தது என்று உணர்ந்து 1898-ல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைத்தார்கள். தாதர், மாதுங்கா, சயான் பகுதிகளில் அகலமான தெருக்களும் மரங்களும் அப்படி வந்தவைதான். பிழைப்புத் தேடி வந்த நம்மவர்கள் குடியேறிய மாதுங்கா, பிளேக் விட்டுச் சென்ற ஊர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

எங்கள் வீட்டில்

இனி என் தவறு. 2020 மே மாதம். யாருக்காவது நோய் கண்டால் கட்டடத்துக்கே சீல் வைத்துக்கொண்டிருந்த நேரம். ஒரு நாள் மாலை எனக்கு 101 டிகிரி காய்ச்சல். தொண்டை வலி. எனக்கு முதலில் தோன்றியது டாக்டர் அல்ல. பாதுகாப்பு உடை அணிந்தவர்கள் வந்து, எழுபத்தொரு வயதில் என்னை ஏதோ ஒரு மையத்துக்கும் மனைவியை வேறொரு மையத்துக்கும் கொண்டுபோவார்கள். மாடியிலிருந்து எல்லோரும் பார்ப்பார்கள். நான் போய்விட்டால் என் முகத்தைக்கூட அவளுக்குக் காட்ட மாட்டார்கள். இதுதான் தோன்றியது.

பாரசிட்டமால் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தேன். யாருக்கும் சொல்லாதே என்று மனைவியிடம் சொன்னேன். எதிர் வீட்டுப் பையன் காய்கறி வாங்கி வந்து கொடுத்தபோது வழக்கம்போல் கதவைத் திறந்து நானே வாங்கிக்கொண்டேன். இப்படி இரண்டு நாள்.

மூன்றாம் நாள் காலை என் மனைவி சொன்னாள்: "பம்பாய்க்காரா நோயாளியை ஒளிச்சு வெச்சான்னு எனக்கு வாய் ஓயாம கதை சொன்னேளே. இப்போ நீங்க என்ன பண்ணிண்டிருக்கேள்?"

பதில் சொல்ல முடியவில்லை. உடனே எங்கள் குடும்ப டாக்டருக்குப் போன் செய்தேன். பரிசோதனையில் கொரோனா என்றே வந்தது. அவர் எங்களுக்குத் தெரிந்தவர். தினமும் இரண்டு வேளை போனில் பேசினார். வீட்டிலேயே எப்படி இருக்க வேண்டும் என்று விளக்கினார். அந்தக் குரல் இருந்ததால் பயம் போயிற்று. பகவத் கிருபையால் தேறிவிட்டேன். எதிர் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால்? அந்தப் பையனைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் இந்தக் கேள்வி வருகிறது. போன வருஷம்தான் அவனிடம் விஷயத்தைச் சொன்னேன். "பரவாயில்லை மாமா" என்றான். எனக்குத்தான் பரவாயில்லை என்று தோன்றவில்லை.

மாண்ட்விக்காரர்களைப் படிக்காதவர்கள் என்று நினைத்தேன். நான் கிருமியைப் பற்றிப் படித்தவன். எனக்கு அறிவு குறைவாக இல்லை, நம்பிக்கைதான் இல்லை. அவர்களுக்கும் அதுவேதான்.

1897 சட்டத்தை 2020-ல் திருத்தி, மருத்துவப் பணியாளர்களைத் தாக்குபவர்களுக்குக் கடும் தண்டனை விதித்தார்கள். தேவையான திருத்தம்தான். ஆனால் பயந்தவனைச் சட்டத்தால் பேச வைக்க முடியாது. தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் அவனே பேசுவான். ஒவ்வொரு ஊரிலும் நம் அங்கத்தினர்களில் டாக்டர்கள் இருக்கிறார்கள், ஓய்வு பெற்ற நர்ஸுகள் இருக்கிறார்கள். தனியாக இருக்கும் முதியவர்களின் பட்டியல் ஒன்றும், நேரம் பார்க்காமல் அழைக்கக்கூடிய இரண்டு மூன்று தொலைபேசி எண்களும் ஒவ்வொரு கிளையிலும் தயாராக இருக்கட்டும். அடுத்த நோய் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வரும்போது, எந்த வீட்டிலும் எந்தக் கிழவனும் இரண்டு நாள் காய்ச்சலை ஒளித்து வைக்கும்படி ஆகக் கூடாது.