எடைக்குப் போன ரேடியோ செட்டு
கோவில்பட்டி சுத்துப்பட்டுல கொடை, கல்யாணம், சடங்கு எதுன்னாலும் ரேடியோ செட்டு கட்டணும். வால்வு ஆம்ப்ளிஃபையர், குழாய் ஸ்பீக்கர், இசைத்தட்டு, இதுதான் அன்றைய செட்டு.

1947இல் அமெரிக்காவில் பிறந்த டிரான்சிஸ்டர் மெல்ல இங்கும் வந்தது. 12 வோல்ட் பேட்டரியிலேயே பாட்டுப் போடலாம் என்றானதும், கனத்த வால்வுப் பெட்டிகள் செம்புக்காக எடைக்குப் போயின.

இப்போது கிளாஸ் டி. வாங்கும் மின்சாரத்தில் 90 சதவீதம் வரை ஸ்பீக்கருக்கே அனுப்பும்; முந்தைய ஏபி வகை, கணக்குப்படி 78.5ஐத் தாண்டாது. சூடு, எடை, விலை எல்லாம் குறைஞ்சாச்சு.

ஆனாலும் பழைய வால்வைத் தேடுறவங்க இருக்காங்க. சத்தம் மிஞ்சினால் வால்வு வெடுக்கென வெட்டாது, மெல்ல மழுக்கும். கருவிக் கணக்கில் அது பிழை. அந்தப் பிழையோடுதான் ஒரு தலைமுறை பாட்டுக் கேட்டது.

எனவே பழைய செட்டு வாங்கப் போனால் வாட்ஸை விட்டுடுங்க. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் அசலா, மறுபடி சுத்தினதானு கேளுங்க. விலை அங்கேதான் இருக்கு.