தரைக்கு ஐம்பது அடி மேலே



விமானி பயிற்சிக்குப் போயிருக்கும் மகளை நினைத்துப் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். "விமானத்தை வேண்டுமென்றே சுழன்று விழ வைத்துப் பழக்குவார்களாமே சார், இது தேவையா?"

1912 ஆகஸ்ட் 25. இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளியில் வில்ஃப்ரெட் பார்க் ஓட்டிய அவ்ரோ விமானம் பம்பரம்போலச் சுழன்று இறங்கியது. அந்நாளில் அப்படிச் சிக்கியவர்கள் பிழைப்பது அபூர்வம். மூக்கை நிமிர்த்தப் பார்த்தார், பலனில்லை. தரைக்கு ஏறக்குறைய ஐம்பது அடி இருக்கையில் சுக்கானைச் சுழற்சிக்கு எதிர்ப்பக்கம் திருப்பினார். விமானம் நேரானது! (அதே டிசம்பரில் வேறொரு விபத்தில் அவர் இறந்தது தனிச் சோகம்.)

இறக்கையின் மேல் காற்றோட்டம் பிரிந்து, ஒரு பக்கம் கூடுதலாகச் சரிந்தால் சுழற்சி தொடங்கும். பூமி முகத்துக்கு நேரே வரும்போது கை தானாகக் கோலைப் பின்னால் இழுக்கும். அதுதான் ஆபத்து. எதிர்ச் சுக்கான் கொடுத்து, கோலை முன்னால் தள்ள வேண்டும். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் லாரி இறக்குபவர் பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? சிறிய கியர்தானே காப்பாற்றுகிறது. இரண்டுமே பழகினால்தான் வரும்.

1917இல் லிண்டமன் என்ற இயற்பியலாளர் தாமே விமானம் ஓட்டி, சுழன்று, அளவுகள் குறித்துவந்தார். வாத்தியார் என்றால் அப்படி இருக்க வேண்டும்! அமெரிக்காவோ 1949இல் சாதாரண உரிமத்துக்கு இந்தப் பயிற்சியை விலக்கி, பயிற்றுநர்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நம் விமானப்படையின் பயிற்றுநர்களை உருவாக்கும் பள்ளி தாம்பரத்தில்தான் இருக்கிறது, தெரியுமா?

அவளிடம் சொன்னேன்: "நல்ல உயரத்தில், பயிற்றுநர் பக்கத்தில் இருக்கும்போதே சுழன்று பார்க்கட்டும்மா. லீவுக்கு வந்தால் போடிக்குக் கூட்டிவா. அவளிடம் கேட்க எனக்கு நிறைய இருக்கிறது."